தொடாதே, என்னைக் கேள்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் நெளிந்த நெளிவைப் பார்த்து அவரே ஒரு கையை விடுவித்து ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, சீட் தேர்வு எத்தனை செகண்ட் காத்திருக்கும்?" வாயை மூட வழியில்லை. எட்டு விரலைக் காட்டினேன். டாக்டர் போனைப் பார்த்து, "எட்டாம்," என்றார். "நீங்க யாரு சார்?" "பல் டாக்டர்." "சரி சார், அப்ப எட்டுன்னே வெச்சுக்கறோம்."

இன்று மட்டும் பத்தொன்பது அழைப்பு. எங்கள் கம்பெனி பஸ், படகு டிக்கெட் விற்கிறது. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு சின்னச் சின்ன சர்வீஸ்கள். சீட் காட்ட ஒன்று, ரசீது அடிக்க ஒன்று, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒன்று. எது எத்தனை விநாடி காத்திருக்கும், எத்தனை முறை திரும்ப முயலும், ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்கிற செட்டிங் எல்லாம் ஒரே சிஸ்டத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பக்கம். ஆபீஸில் அதை ஜாதகம் என்போம். எட்டு வருடமாக அத்தனை ஜாதகமும் என் கையில். கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

மாலை தங்கையிடமிருந்து செய்தி. சரக்குக் கப்பலில் இரண்டாவது இன்ஜினியர் அவள். 29-ஆம் தேதி கடைசிப் பயணமாம். அதன் பிறகு துறைமுக ஆபீஸில் வேலை. வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப்போகலாம். ஒன்பது நாள். கடலில் போன் எடுக்காது.

மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லி மூன்று தடவையும் கைவிட்டிருக்கிறேன். போன தடவை பையோடு துறைமுக கேட் வரை போய், ஒரு போன் வந்து, திரும்பிவிட்டேன். அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

இந்தச் செய்தியில் கடைசி வரி: "இந்தத் தடவயும் வரலேன்னா பரவால்ல அக்கா. நான் கேக்கறதுக்கு இனிமே கப்பல் இல்ல, அவ்வளவுதான்."

மார்ச் 5, புதன்

மேனேஜரிடம் லீவு கேட்டேன். அவருக்கு ஆபீஸில் பெயர் நிதானம். தீப்பிடித்தாலும் அந்தச் சொல்லைத்தான் முதலில் சொல்வார்.

"நிதானம், நிதானம். ஒன்பது நாள் போன் இல்லாம நீங்க போய்ட்டா யாரும்மா பதில் சொல்றது?"

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! "மெயில் எழுதறதுக்குன்னு ஒரு ஏஐ உதவியாளர் வாங்கி வெச்சிருக்கோமே சார், அதை ஜாதகத்தோட இணைச்சுடறேன். எல்லாரும் அதைக் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். 27-ஆம் தேதி ஒரு முழு நாள் நான் வாய் திறக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. அன்றைக்கு வேலை ஓடினால் கப்பல். ஓடாவிட்டால் இல்லை.

"சரி சார்!" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

ஆரம்பிச்சாச்சு!

மார்ச் 10, திங்கள்

பாதுகாப்புப் பிரிவுத் தோழியிடம் அனுமதி வாங்கப் போனேன். அவளுக்குப் பெயர் சந்தேகம். எட்டு வருடப் பழக்கம், தினமும் நாலு மணி டீ ஒன்றாகத்தான். ஆனாலும் என் அடையாள அட்டையைப் பார்க்காமல் கதவைத் திறக்க மாட்டாள்.

ஒன்றரை மணி நேரம் குடைந்தாள். ஏஐ நேராக ஜாதகத்துக்குள் நுழையக் கூடாது. நடுவில் நான் எழுதும் சின்ன புரோகிராம் ஒன்று காவல் நிற்கும். அது மூன்று வேலைக்குத்தான் கதவைத் திறக்கும்: பெயர் சொன்னால் சர்வீஸைத் தேடித்தரலாம், அதன் பக்கத்தைப் படித்துக் காட்டலாம், மாற்றம் வேண்டுமென்றால் முன்மொழியலாம். முன்மொழிந்ததை மனுஷர் இரண்டு பேர் சரி என்றால்தான் நடக்கும். பாஸ்வேர்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் ஒரு பதிவேட்டில் எழுதப்படும்.

"புது மாப்பிள்ளை மாதிரி வெச்சுக்கோ," என்றாள். "கூடத்துல உக்காரலாம், பேசலாம். பீரோவைத் திறக்கக் கூடாது."

"உனக்குச் சிரிக்கத் தெரியுமா!" என்றேன்.

"யார் சொன்னா?" என்று கேட்டாள், நிஜமாகவே சந்தேகமாக.

பெயர் ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் மொத்த மாடியும், "மாப்பிள்ளை எப்ப வர்றார்?" என்கிறது.

மார்ச் 13, வியாழன்

பேசிட்டான்! பேசிட்டார், பேசிட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதை முக்கியம்.

காலையில் இணைப்பு இல்லாமல் கேட்டுப் பார்த்தேன்: சீட் தேர்வு எத்தனை விநாடி காத்திருக்கும்? "பொதுவாக முப்பது விநாடி," என்று கூசாமல் அள்ளிவிட்டது. பதினொன்றரைக்கு இணைப்பைப் போட்டு அதே கேள்வி. "ஜாதகத்தில் எட்டு விநாடி என உள்ளது. கடைசியாக மாற்றியது இரண்டு வருடம் முன்பு." எட்டு! பல் டாக்டர் சொன்ன அதே எட்டு! எழுந்து குதித்ததில் நாற்காலி பின்னால் உருண்டுபோய்ப் பக்கத்து மேஜை காபியைச் சாய்த்தது. காபிக்காரர் திட்டவில்லை. அவரும் ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் சரியான பதில். அவரும் குதித்தார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட் அம்மாள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையை எல்லாருக்கும் திறந்துவிட்டோம். சாயங்காலத்துக்குள் எனக்கு வந்த போன் — முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு! பத்தொன்பது குறையும் என்று பார்த்தால் இப்படி.

எல்லாரும் ஒரே பாட்டு. "அக்கா, மாப்பிள்ளை உங்களைக் கேக்கச் சொல்றார்."

ஏன்? நாலு மணிக்கு உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்தேன். டிக்கெட் ரத்து செய்யும் சர்வீஸ் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்கிற வரம்பை ஐம்பது ஆக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை: "இப்போது இருபது. குறிப்பில் 'தொடாதே, என்னைக் கேள்' என்று உள்ளது. எழுதியவரைக் கேட்டுவிட்டு மாற்றுவது நல்லது."

எழுதியவர் யார்? நான்.

தேடிப் பார்த்தேன். நூற்று எண்பத்தெட்டு ஜாதகத்தில் அதே குறிப்பு. எட்டு வருஷமா நானேதான் ஒட்டி ஒட்டி வெச்சிருக்கேன். தொடாதே, என்னைக் கேள். தொடாதே, என்னைக் கேள். நம்பர் என்னன்னு எவனுக்கு வேணும்? மாத்தலாமா, ஏன் கூடாதுன்னுதானே கேக்கறாங்க! அது எங்க இருக்கு? என் மண்டைல இருக்கு. மாப்பிள்ளை மண்டைக்குள்ள எட்டிப் பாப்பாரா?

பத்து நாள்தான் இருக்கு. ஐயோ.

மார்ச் 18, செவ்வாய்

ஏன் அப்படி எழுதினேன்?

ஆரம்பம் ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாரோ ரத்து வரம்பை ஏற்றப்போய், எஸ்.எம்.எஸ். சர்வீஸ் தாங்காமல் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, ஒவ்வொரு பயணிக்கும் பதினோரு எஸ்.எம்.எஸ். போனது. ஒருவர் ஆபீஸுக்கே வந்து, "எனக்குப் படகு ரத்தாச்சுன்னு புரிஞ்சிடுச்சும்மா, போதும்," என்று கும்பிட்டார். அன்றைக்கு எழுதிய குறிப்புதான் முதல் 'தொடாதே'. அதில் நியாயம் இருந்தது.

மற்ற நூற்று எண்பத்தேழு? இது என் நோட்டு, இதில் பொய் எழுதி யாரை ஏமாற்ற? எனக்குப் பிடித்திருந்தது. கேட்கப்படுவது பிடித்திருந்தது. கல்யாண வீட்டில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிற அத்தை மாதிரி அலைந்தேன். அத்தை ஊருக்குப் போக முடியாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தங்கை பேசினாள். "பையை எடுத்து வெச்சியா?"

"வெச்சாச்சு."

பை பரண்மேல் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

'தொடாதே' இருந்த இடத்திலெல்லாம் காரணம் எழுதுகிறேன். 22 முடிந்தது. 166 பாக்கி.

மார்ச் 20, வியாழன்

எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரிதான் வருகிறது. 'இது அப்படித்தான்' என்று ஒன்றில் எழுதியிருக்கிறேன்! வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆறு மணிக்குக் கடையிலிருந்து வந்ததும் எதிரில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாற்றுகிற அதே குரலில் கேட்டார்.

"இப்ப தெளிவா இருக்கா?"

"எனக்கு இருக்கு."

"எனக்கு இல்ல. மாத்து. இப்ப?"

ஒன்பதாவது லென்ஸில் அவருக்கே புரிந்துவிட்டது. ரசீது அடிக்கும் சர்வீஸ் ஏன் மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது என்று அவரே எனக்கு விளக்கினார். கல்யாணமாகி இருபது வருடத்தில் இன்றைக்குத்தான் என் வேலை என்னவென்று அவருக்குத் தெரிகிறது. "அடேங்கப்பா, இத்தன நாளா இதையா பண்ணிட்டிருந்த?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இந்த வயதில்.

மார்ச் 22, சனி

97 பாக்கி. நேற்று அவசரத்தில், 'நான்காவது முறை முயன்றால் பிரிண்டர் கோபித்துக்கொள்ளும்' என்று எழுதிவிட்டேன். மாப்பிள்ளை அதை அப்படியே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்: "பிரிண்டர் கோபித்துக்கொள்ளும் எனக் குறிப்பு உள்ளது. கோபத்தின் விவரம் தரப்படவில்லை." மாடி முழுக்கச் சிரிப்பு. போய் விவரம் தந்துவிட்டு வந்தேன்: பேப்பர் சிக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசி ஒன்று.

படகில் இடம் பிடித்துவைக்கும் சர்வீஸ். நாற்பத்தேழு விநாடி காத்திருக்கும். ஏன் நாற்பத்தேழு? ஏன் நாற்பத்தைந்தோ ஐம்பதோ இல்லை? மாற்றங்களின் பட்டியலைப் பார்த்தேன். ஆறு வருடம் முன்பு முப்பதிலிருந்து நாற்பத்தேழு ஆக்கியது நான். காரணம் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். படகுத் துறையில் இணைப்பு மோசம் என்பதற்காகவா? அந்த வருடம் சர்வர் மாற்றினோமே, அதற்காகவா? ஒன்றும் நினைவில்லை. ஆனால் அதைத் தொட வந்த அத்தனை பேரையும் விரட்டியிருக்கிறேன். போன வருடம்கூட ஒருவரிடம், "அதுல ஆழமான காரணம் இருக்கு," என்று சொன்னேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொன்னேனோ!

ஏதாவது நல்ல காரணமாக எழுதிவிடலாம் என்று கை போனது. 'துறைப் பக்கம் இணைப்பு தாமதம்' என்று அடித்தும்விட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? அப்புறம்தான் உறைத்தது. மனுஷர்களிடம் சொன்னால் என் முகத்தைப் பார்த்தாவது ஒருவர் சந்தேகப்படுவார். மாப்பிள்ளை நான் எழுதுவதை அப்படியே நம்புவார், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார், நான் இல்லாத நாளிலும் சொல்வார்.

அழித்துவிட்டு எழுதினேன்: 'ஏன் நாற்பத்தேழு என்று எனக்கே தெரியாது. பயத்தால் இதுவரை யாரையும் தொட விடவில்லை. மாற்றிப் பார்க்க விரும்புகிறவர் முதலில் ஒரே ஒரு படகுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கவும்.'

நூற்று எண்பத்தெட்டும் முடிந்தது. காது இரண்டும் சூடாக இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

சோதனை நாள். ஒன்பது மணிக்கு சந்தேகம் வந்து என் போனை வாங்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நிதானம் ஒரு தாளில் 'நான் இங்கே இல்லை' என்று எழுதி என் மேஜையில் நிறுத்தினார். நான் அதற்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் கிளிப் கோர்த்தேன். இரண்டு பேர் பழக்கத்தில் நேராக என்னிடம் வந்து, "அக்கா, அந்த..." என்று ஆரம்பித்து, தாளைப் படித்துவிட்டு, காலியான இடத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்று மணி வரை எல்லாம் சாதாரணம். மூன்று இருபதுக்குக் காற்று பலம் என்று படகுகளை நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் டிக்கெட்டை ரத்து செய்கிறார்கள். ரத்து சர்வீஸ் மூச்சுத் திணறுகிறது. வரம்பு இருபது. ஏற்றியே ஆக வேண்டும்.

போச்சு. இதுவா இன்னிக்கு வரணும்? நேரா ஐம்பதுக்கு ஏத்தினா பதினோரு எஸ்.எம்.எஸ்! வரிசை முக்கியம், வரிசை. சொல்லணும். சொல்லக் கூடாது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். கப்பல் போச்சு, கப்பல் போச்சு என்று மண்டைக்குள் சங்கு ஊதுகிறது.

பக்கத்து மேஜைக் காபிக்காரர் மாப்பிள்ளையிடம் கேட்டார். பதிலை உரக்கப் படித்தார்: "ஏற்றலாம். ஆனால் குறிப்பின்படி முதலில் எஸ்.எம்.எஸ். சர்வீஸின் வரம்பை ஏற்ற வேண்டும், அதன் பிறகு இதை. வரிசை மாறினால் ஒரே பயணிக்குப் பதினோரு எஸ்.எம்.எஸ். போகும், முன்பு போயிருக்கிறது. இரண்டு மாற்றங்களையும் அந்த வரிசையில் முன்மொழிந்திருக்கிறேன்." காபிக்காரர் சரி என்றார். நிதானம் இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றார்.

ஆறு நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆளுக்கு ஒரே எஸ்.எம்.எஸ்!

கைக்குட்டையில் ஓட்டை. பேப்பர் கிளிப் மாலை என் உயரத்துக்கு இருந்தது.

ஐந்து மணிக்கு நிதானம் வந்து தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கிளம்புங்கம்மா, சீக்கிரம்! நான் மனசு மாறறதுக்குள்ள!" அவர் வாயில் 'சீக்கிரம்' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. மாடி கைதட்டியது எனக்கா அவருக்கா தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பரண்மேலிருந்து பையை இறக்கினேன். உள்ளே போன தடவை மடித்துவைத்த துணியெல்லாம் அப்படியே இருந்தது. வேலை மிச்சம்!

மார்ச் 29, சனி

துறைமுக கேட். போன தடவை நின்ற அதே இடம். அந்தப் பக்கம் தங்கை, அதே ஹெல்மெட். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அப்போது போன் அடித்தது.

அவள் கை பாதியில் நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஹெல்மெட் வாரை மட்டும் இறுக்கிக்கொண்டாள். போனை எடுத்தேன்.

"வணக்கம், பல் டாக்டர் பேசறேன். அடுத்த சுத்தம் பண்ற தேதி..."

"டாக்டர்!" என்று கத்தினேன். "நான் கப்பலுக்குப் போறேன் டாக்டர்!"

"நல்லது. ப்ரஷ் எடுத்தாச்சா?"

போனை அணைத்தேன். கேட்டைத் தாண்டி ஓடினேன். நாற்பத்தோரு வயதில் பையோடு ஓடிப்போய்த் தங்கையின் ஹெல்மெட்டில் நெற்றியை இடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் காவலாளி முன்னால் சிரித்த சிரிப்பில் அவர் என் அனுமதிச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்.

ஏப்ரல் 2, புதன். கடல்

கை இன்னும் போனைத் தேடிச் சட்டைப் பைக்குப் போய்ப் போய் வருகிறது. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் வாந்தியும் பாட்டும். இன்று இன்ஜின் அறைக்குக் கூட்டிப்போனாள். காதடைப்பான் மாட்டிக்கொண்டு ஊமைகள் மாதிரி கையாலேயே பேசினோம். ஒவ்வொரு வால்விலும் அவள் கையெழுத்தில் ஒரு அட்டை: எதற்கு, எப்போது திறப்பது, திறந்தால் என்ன ஆகும். அடுத்து வருகிறவருக்காக எழுதிவைத்திருக்கிறாள். யாரும் சொல்லாமலே. என்னை விட ஐந்து வயது சின்னவள்.

மேலே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டாள், "என்ன, யாரும் ஒண்ணும் கேக்கலேன்னு ஏக்கமா இருக்கா?"

"இருக்கு," என்றேன். "கொஞ்சம்."

"நான் கேக்கறேனே. சாப்ட்டியா?"

நாலு நாளாக இந்த ஒரு கேள்விதான். ஒவ்வொரு தடவையும் விடை யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிட்டது உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். காற்றில் இரண்டு பேருக்கும் முடி ஒரே திசையில் பறந்தது. எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று தெரியாது.

ஏப்ரல் 7, திங்கள்

இறங்கினோம். தங்கை கடைசியாக ஒரு தடவை படியைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். கேட் தாண்டியதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "நீ பாத்துட்டல்ல, போதும்," என்றாள்.

போனைத் திறந்தேன். வெள்ளமாகக் கொட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆபீஸிலிருந்து ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரிடமிருந்து பதினான்கு. "டீத்தூள் எங்கே?" "கிடைத்துவிட்டது." "சர்க்கரை எங்கே?" வீட்டுக்கும் ஒரு ஜாதகம் எழுத வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபீஸ். போனதும் நாற்பத்தேழைத்தான் பார்த்தேன். நான் போன மூன்றாம் நாளே ஒரு படகுக்கு முப்பது ஆக்கியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் எல்லாப் படகுக்கும். ஒன்றும் ஆகவில்லை. ஆறு வருஷம் காவல் காத்தேனே! என் குறிப்புக்குக் கீழே நிதானம் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'முப்பது போதும். பயம் தீர்ந்தது.' சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மத்தியானம் பதிவேட்டைப் புரட்டினேன். பத்து நாளில் இருநூற்று அறுபத்து நான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நான் எழுதிய பதில், நான் இல்லாமல். பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

நடுவில் ஒரே கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

"அக்கா எப்ப வருவாங்க?"

"அந்தத் தகவல் ஜாதகத்தில் இல்லை."

ஏழு தடவை. ஏழும் ஒரே ஆள், ஏழு வெவ்வேறு நாள், எல்லாம் மாலை நாலு மணி வாக்கில். நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போகிற நேரம். கேட்டவர் பெயரைப் பார்த்தேன்.

எழுந்து சந்தேகத்தின் அறைக்குப் போனேன். அடையாள அட்டையைக் காட்டினேன். திறந்தாள்.

"ஏழு தடவ கேட்டிருக்க," என்றேன்.

"தெரியாததைத் தெரியாதுன்னு ஒழுங்கா சொல்றதான்னு சோதிச்சேன்."

"ஏழு தடவையா? அதுவும் அக்கான்னா? நீ என்னை அக்கான்னு கூப்பிட்டதே இல்லியே."

"மத்தவங்க கேக்கற மாதிரி கேட்டாத்தான் சோதனை," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சரி என்று கதவு வரை வந்துவிட்டேன். மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. பின்னால் பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் முன்கூட்டியே அவள் பூட்டி நான் பார்த்ததில்லை.

"நில்லு," என்றாள். "நானும் வர்றேன்."